கழுத்துப் பித்தான்

ஸ்கேன் அறையின் படுக்கையில் ஏறிப் படுத்த பிறகும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இதயம்னா எப்படி இருக்கணும்னு இத வெச்சே என் பூசணிக்குச் சொல்லிக் குடுத்துடுங்க டாக்டர்" என்றார். சுவரோர நாற்காலியில் இருந்த பூசணி சிரித்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில் அந்தப் பெயருக்கு அழுதிருக்கிறாள், பிறகு சண்டை போட்டிருக்கிறாள். இப்போது அவர் அப்படிக் கூப்பிடாவிட்டால்தான் வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைப்பாள்.

மூச்சு வாங்குகிறது என்று வந்தது அவள்தான். பள்ளிப் பேருந்து ஓட்டும் அவர் வெறும் துணை. இதயத்தைச் சுற்றிப் படியும் கொழுப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாக்டரம்மா, ஒப்பிட்டுப் பார்க்க ஒல்லியானவர்களும் வேண்டும், நீங்களும் படுக்கிறீர்களா என்று கேட்டதுதான் தாமதம், சட்டையைக் கழற்றிவிட்டார். இடுப்பு பெல்ட்டில் கூடுதலாக ஓட்டை போட்டு இறுக்கிக்கொள்கிற உடம்பு. அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அவளுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, ரத்தசோகைதான் என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அந்த நிம்மதியில் இருந்தவள், டாக்டரம்மா அவர் நெஞ்சில் வைத்த கருவியை ஒரே இடத்தில் நெடுநேரம் அழுத்திப் பிடித்திருப்பதைக் கவனித்தாள். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ துடித்தது. பிறகு கருவி மெல்ல அவர் கழுத்துக்கு ஏறியது.

"இவருக்கு இதயத்தச் சுத்திக் கொழுப்பு தடிமனா இருக்கும்மா. வெளிய தெரியற கொழுப்பு வேற, இது வேற. ஒல்லியா இருக்கவங்களுக்கும் இருக்கும். இது இருக்கவங்கள்ல நிறைய பேருக்குக் கழுத்து ரத்தக்குழாய்லயும் அடைப்பு இருக்கறதப் பாக்கறோம். அதான் கழுத்தையும் பார்த்தேன். இடது பக்கம் ரொம்பவே சுருங்கியிருக்கு. மூளைக்குப் போற ரத்தம் அது."

"படம் மாறிப் போயிருக்கும் டாக்டர். பூசணியோடதா இருக்கப் போகுது" என்றார் அவர். டாக்டரம்மா கருவியைக் கீழே வைத்தார்.

"எப்பவாவது கண்ணு திடீர்னு இருண்டு போச்சா? பேச்சு குழறுச்சா? வலது கை வராமப் போய் அப்புறம் தானா சரியாச்சா? யோசிச்சுச் சொல்லுங்க. இல்லேன்னா மாத்திரையில பார்த்துக்கலாம். இருந்துச்சுன்னா அடுத்து பக்கவாதம் எப்ப வேணா வரலாம். உடனே ஆபரேஷன் பண்ணணும். வண்டிய இன்னையிலேர்ந்து தொடக் கூடாது."

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்றார், யோசிக்காமலே.

அவளுக்கு நினைவிருந்தது. போன வாரம் காலையில் அவர் கண்ணாடி முன்னால் சட்டையின் கழுத்துப் பித்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வலது கை விரல்கள் அதைத் தொட்டுத் தொட்டு நழுவின. "புது மாப்பிள்ளைன்னு நெனப்பா?" என்று கேலி செய்துகொண்டே அவள்தான் போட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் விரல்கள் சரியாகிவிட்டன. "வெளிய யார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காத" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கப் போனார். வெட்கப்படுகிறார் என்று நினைத்துவிட்டாள், மடச்சி.

இப்போது அவர் அவளைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை இல்லாத வீடு அவர்களுடையது. எந்தக் குழந்தைக்குப் பல் விழுந்தது, யார் யாரோடு டூ விட்டது என்று சாயங்காலம் அவர் வந்து சொன்னால்தான் அந்த வீட்டில் பேச்சே. அதைத் தன் வாயாலேயே பிடுங்குவதா? ஆனால் அந்தப் பல் விழுந்த குழந்தைகளெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்.

"போன வாரம் அவரால பித்தான் போட முடியல டாக்டர். நான்தான் போட்டுவிட்டேன்."

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. பள்ளியிலிருந்து ஆள் வந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு போனபோது கொஞ்சம் இருமினார், அவ்வளவுதான். போட்டதைச் சாப்பிட்டார், தட்டைத் தானே கழுவி வைத்தார். பூசணி என்ற சொல் வீட்டை விட்டே போய்விட்டது. செய்தது சரி என்று தெரிந்தேதான் அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஆஸ்பத்திரியில் சேரவேண்டிய நாள் காலையில், சலவை செய்த சட்டையைப் பித்தான் போடாமல் மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் பேருந்துச் சத்தம் கேட்டது. வேறு யாரோ ஓட்டினார்கள். முனையில் திரும்பும்போதும் வேகம் குறையவில்லை. அவருடைய வலது கால் பிரேக்கை மிதிப்பதுபோல வெறுந்தரையை அழுத்தியது. குழந்தைகளின் கூச்சலோடு வண்டி திரும்பி மறையும்வரை அந்தக் காலை அவர் எடுக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு எழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கட்டி வைத்த பையை வலது கையால் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன் நின்றார். பிடி உறுதியாகத்தான் இருந்தது.

"போட்டுவிடு" என்றார்.

கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தவள் கழுத்தருகே வந்ததும் நிறுத்தினாள். "இது வேணாங்க. இறுக்கும்."

"போடு பூசணி. பிள்ளைங்க வண்டி ஓட்டறவன் கழுத்தத் தெறந்து போட்டுக்கிட்டுப் போகக் கூடாது."

பித்தானைப் பிடித்த விரல்களோடு அவள் அப்படியே நின்றாள். காலருக்குள், இடது பக்கம், மெல்லிய தோலுக்கு அடியில் துடிப்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.