அறுநூறா, ஜூமா?

என் வீட்டுக்காரர் அல்தாப் சார்ஜாவிலிருந்து லீவில் வந்தால் விருந்துக்குப் போகமாட்டார், குளத்தங்கரைக்குத்தான் போவார். பறக்கிற பறவையைப் படம் பிடிக்கிற கிறுக்கு. நிக்காஹ் முடிந்த வருடமே அதை எனக்கும் ஒட்டவைத்துவிட்டார். இந்த ஆனியில் பெரிய லென்ஸ் ஒன்று வாங்கியே தீருவது என்று வந்திறங்கினார். எது என்பதில்தான் சண்டை.

அவருக்கு அறுநூறு எம்.எம். லென்ஸ் மேல் கண். எட்டத்தில் போகிற பறவையின் இறகைக்கூட எண்ணலாம். ஆனால் ஸ்டாண்டு இல்லாமல் கையில் தூக்கி, பறவையோடு சேர்ந்து திரும்பினால் தோள் கழன்றுவிடும். நான் நூறு-நானூறு ஜூமே போதும் என்றேன். கைக்கு அடக்கம். பறவை கட்டத்தை விட்டு நழுவினாலும் வளையத்தைத் திருகி நூறுக்கு வந்தால் அகலமாகத் தெரியும், தேடிப் பிடித்துக்கொள்ளலாம். கடைசியில் இரண்டையும் வாடகைக்கு எடுத்தோம். முதல் நாள் ஐந்தருவிக்கு மேலே உழவாரக்குருவிகளைத் துரத்தியதில், சாயங்காலம் டீ கிளாஸைக்கூட அவரால் ஆடாமல் பிடிக்க முடியவில்லை. "பழகிரும்ட்டி," என்றார், வீம்புக்கு.

மறுநாள் காலை பண்பொழி தாண்டி மலையடிவாரத்துக் குளத்துக்குப் போனோம். தோள் வலி தாங்காமல் அறுநூறை என்னிடம் தந்துவிட்டு, ஜூமோடு எதிர்க்கரைக்குப் போனார். பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். ஆனிக் காற்று மலையிலிருந்து அடிப்பது. அதனால் மேற்குக் கரையில் நின்றால் கூட்டம் முகத்துக்கு நேரே வரும் என்பது அவர் கணக்கு. அவர் முதுகுக்குப் பின்னால் தென்னந்தோப்பு, அதற்கும் பின்னால் மலை.

குளத்தில் எங்களுக்குச் சட்டம் உண்டு. ஃபோன் சைலண்டில் இருக்க வேண்டும். பேச்சு கூடாது. எழுந்து நிற்கவே கூடாது. பறவை கலைந்தால் அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார். தண்ணீரில் நத்தைகொத்தி நாரைகள் ஒரு பெருங்கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. அவை எழும்பக் காத்திருந்தோம்.

சும்மா இருக்க முடியாமல், மனிதர் என்ன செய்கிறார் பார்ப்போம் என்று அறுநூறை அவர் பக்கம் திருப்பினேன். தொப்பி, கேமரா, தாடி எல்லாம் பக்கத்தில் தெரிந்தது. அவர் தோளுக்குப் பின்னால் ஒரு சாம்பல் சுவர் இருந்தது. தோப்புக்குள் ஏது சுவர் என்று நினைத்தேன். சுவர் காதை ஆட்டியது.

யா அல்லாஹ். யானை அவரை ஒட்டி நின்றது. ஒட்டித்தான் நின்றதா என்பதும் தெரியவில்லை. நீள லென்ஸ் பின்னால் இருப்பதை இழுத்துக்கொண்டு வந்து முன்னால் ஒட்டவைக்கும். வெறுங்கண்ணால் பார்த்தால் அவரே ஒரு புள்ளி, தோப்பு வெறும் இருட்டு. தூரமாக இருக்கும், லென்ஸ் பொய் சொல்லுது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் கேட்கவில்லை.

ஃபோன் போட்டேன். அது அவர் பையில் ஊமையாகக் கிடந்தது. "மச்சான்! மச்சான்!" என்று கத்தினேன். எதிர்க்காற்று சத்தத்தை என் வாய்க்கே திருப்பித் தந்தது. எழுந்து துப்பட்டாவை வீசினேன். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, கையைக் கீழே அமர்த்திக் காட்டினார். உட்காரு, பறவை பறந்துரும்.

நான் அழுதுவிட்டேன். பறவையைத் தவிர வேறெதையும் பார்க்காத மனிதரை எப்படித் திரும்பிப் பார்க்கவைப்பது? அப்போதுதான் புத்தியில் பட்டது. பறவையாலேயே திருப்பவேண்டியதுதான்.

சாரலுக்குக் கொண்டுவந்த குடையைப் படாரென்று விரித்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினேன். குடையால் தண்ணீரை அடித்தேன். கூட்டம் மொத்தமும் கிளம்பியது, காற்றைப் பார்த்து, மேற்கே, நேராக அவர் தலைக்கு. கழுத்தில் தொங்கிய அறுநூறைத் தூக்கினேன். அதன் கனத்தில் கட்டத்துக்குள் எல்லாம் குதித்தது. கேமரா அவர் கண்ணில் இருந்தது. பறவைகளோடு நிமிர்ந்தார், வளைந்தார், அப்படியே முழுசாகத் திரும்பினார். திரும்பியவர் நின்றுவிட்டார்.

ஓடேன் மச்சான், ஓடேன். ஓடவில்லை. கேமராவையும் இறக்கவில்லை. இடது கை மட்டும் வளையத்தைத் திருகியது.

பிறகு அவர் கட்டத்தில் இல்லை. சாம்பல் நிறம் முன்னால் வந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. லென்ஸை அங்கேயும் இங்கேயும் ஆட்டினேன். தென்னை வந்தது, வானம் வந்தது, அவர் தொப்பி கரையில் கிடந்தது வந்தது. ஆள் வரவில்லை. போச்சு என்றே நினைத்தேன். கேமராவை விட்டுவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தபோதுதான், கரைக்குக் கீழே வாய்க்காலுக்குள் சேறும் சகதியுமாக ஓர் உருவம் விழுந்து எழுந்து வருவது தெரிந்தது. யானை கரையில் நின்று அவர் பையைப் புரட்டிக்கொண்டிருந்தது.

பண்பொழி டீக்கடையில் உட்கார்ந்த பிறகும் அவர் தாடியில் சேறு ஒட்டியிருந்தது. "அவ்வளவு பக்கத்துலயா நின்னுது, லென்ஸு அப்படிக் காட்டுச்சா?" என்று நானே ஆறுதலாக ஆரம்பித்தேன். "எனக்கு ஒண்ணும் ஓர்மை இல்லட்டி," என்றார்.

அவர் கேமராவைத் துடைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தோம். இறக்கை, இறக்கை. பிறகு வெறும் சாம்பல் மங்கலாக நாலைந்து. கடைசிப் படம் தெளிவாக இருந்தது. ஒரு கண், அதன் மயிர், தந்தம் முளைக்கிற இடம். அவ்வளவுதான், முகம் முழுசாக அடங்கவில்லை. படத்தின் கீழே லென்ஸ் அளவைப் பார்த்தேன். நூறு. அதற்குமேல் அகலமாக அந்த ஜூமில் போக முடியாது. யானை அவ்வளவு பக்கத்தில் நின்றிருக்கிறது, நான் பார்த்த அறுநூறு பொய் சொல்லவே இல்லை.

அவரும் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்நேரம் என் கையில அறுநூறு இருந்திருந்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அது இவ்வளவு பக்கத்துல ஃபோகஸ் ஆகாது, சாம்பலாத்தான் தெரிஞ்சிருக்கும். லென்ஸு கோளாறுன்னு நெனச்சு ஃபோகஸைத் திருகிக்கிட்டே அங்கன நின்னிருப்பிய."

எதற்கெடுத்தாலும் மறுத்துப் பேசுகிற ஆள், அறுநூறை எடுத்து அதன் உறைக்குள் போட்டு மூடினார். நான் மேசைக்கு அடியில் அவர் கையைப் பிடித்தேன்.