ஒரு மடக்கு மால்டோவா

ஒரு நாட்டின் ஒயினை நான் குடித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று வாயால் சொன்ன பிறகுதான் அந்த நாடு வரைபடத்தில் வரும். அதுதான் என் உத்தியோகம். பிரான்சும் இத்தாலியும் நான் வேலைக்குச் சேரும் முன்பே வந்துவிட்டவை. எனக்கு ஒதுக்கியது யாரும் சீந்தாத நாடுகள். உருகுவேயை ஒரு செவ்வாய்க்கிழமை கொண்டுவந்தேன். அர்மீனியாவுக்கு இரண்டு மடக்கு தேவைப்பட்டது.

ஜார்ஜியாவில்தான் வினை வந்தது. மண்ணில் புதைத்த சாடியில் ஊறிய ஒயின். முதல் மடக்கிலேயே எனக்குக் கண் கலங்கியது. படிவத்தில் ‘திராட்சை ரசம்’ என்று எழுதினேன். கட்டத்தில் மூன்று எழுத்துக்குத்தான் இடம் என்று மேலதிகாரி நல்லபெருமாள் ‘திராட்சை’யை அடித்துவிட்டார்.

மீதிப் பதினோரு பாட்டிலும் கேன்டீனுக்குப் போயின. கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டுத் தாளித்தார்கள். நல்லபெருமாள் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். புளி கொஞ்சம் தூக்கல் என்று கோப்பில் குறிப்பெழுதினார். வரைபடத்தில் ஜார்ஜியா வரவில்லை. அந்த இடத்தில் ஒரு மஞ்சள் கறை வந்தது.

ரசம் பார்க்கிறவனுக்கு மூன்றாம் மாடி எதற்கு என்று என்னையும் கேன்டீனுக்கு மாற்றினார். படிக்கட்டு இறங்க இறங்க நீண்டது. ஒன்பது நாள் இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் அந்த மனுஷனைக் கறுவினேன். நாசமாய்ப் போக வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

ஆறு வருடம் கரண்டி பிடித்தேன். பிறகு ஒரு நாள் நல்லபெருமாள் கையில் ஒரு பாட்டிலோடு வந்து நின்றார்.

“தம்பி, இது எங்க ஊரு ஒயினு. மால்டோவா.”

பேச்சு மதுரைப் பேச்சுதான். பிறந்தது மால்டோவாவாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு டிக்கெட் கேட்டிருக்கிறார். அப்படி ஓர் ஊரே இல்லை என்றிருக்கிறார்கள். என் இடத்துக்கு யாரையும் போடவில்லை. பதிவேட்டில் இருந்தது என் நாக்கு மட்டும்தான். வேறு நாக்கு செல்லாது.

“வீட்டுக்காரி, ரெண்டு பொம்பளப் பிள்ளைக, எல்லாம் அங்கதேன் இருக்காக. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

முதல் முறையாக என்னை ‘நீங்க’ என்றார். எனக்கு இனித்தது.

“படிவம் இருக்கா சார்?” என்றேன்.

இருந்தது. ஒயினை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி ஒரு மடக்கு வாயில் வாங்கினேன். நாவல் பழம், லேசான புகை, அதற்குப் பின்னால் பெயர் தெரியாத ஏதோ ஒரு குளிர்ச்சி. இப்படி ஒரு ஒயினை நான் குடித்ததே இல்லை.

“எப்படி இருக்கு?”

விதிப்படி விழுங்கிய பிறகுதான் சொல்ல வேண்டும். விழுங்கும்வரை ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. பெஞ்சைக் காட்டினேன். உட்கார்ந்தார்.

நான்கு வருடம் ஆகிறது. நான் சாப்பிடவில்லை. யாரிடமும் பேசவில்லை. என் மகள் கல்யாணத்தில் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை வீட்டார் பல்வலி என்று நினைத்து விட்டுவிட்டார்கள். மகள் கும்பிட்டு எழுந்தபோதும் தலையைத்தான் தொட்டேன். ஒயின் நாளுக்கு நாள் இன்னும் நன்றாக ஆகிறது.

நல்லபெருமாள் பெஞ்சிலேயே இருக்கிறார். பொழுது போக வேண்டுமே என்று ஊர்க்கதையெல்லாம் சொல்லுவார். பிள்ளைகளைப் பற்றித்தான் அதிகம்.

இன்று காலை பேசிக்கொண்டே இருந்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

“சின்னவ பேரு என்னங்க?” என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரியும். நூறு தடவை சொல்லியிருக்கிறார். உதட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டேன்.