ஒரு தடவைதான் கேட்பார்கள்

நான் அமெரிக்காவில் பிறந்தவள் என்பது ஒரு சான்றிதழ் அளவுக்குத்தான் உண்மை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலை விஷயமாக இரண்டு வருடம் அங்கே போயிருந்தபோது நான் பிறந்தேன். எனக்குப் பதினோரு மாதம் ஆனபோது என்னைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அதற்கப்புறம் நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் பாஸ்போர்ட் அந்த நாட்டுடையது. அதனால் பதினெட்டு வயதில் அங்கே கல்லூரியில் இடம் கிடைத்தபோது, வெளிநாட்டு மாணவர்களுக்கான அறிமுக வகுப்பில் என்னைச் சேர்க்க முடியாது என்று மிகுந்த மரியாதையோடு எழுதிவிட்டார்கள். நான் உள்ளூர்க்காரியாம்.

"இவளா உள்ளூர்க்காரி? நம்ம தெரு முனையில இருக்கிற தபால் ஆபீஸுக்கே வழி கேட்டுத்தான் போவா" என்றாள் அம்மா. அறிமுக வகுப்பைத் தானே நடத்துவதென்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஒரு நாளைக்கு அறுபது பேரை "மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்று அடக்கிப் பழகிய குரல். அதே குரலில் சாப்பாட்டு மேஜையில் பாடம் நடந்தது. தேதி எழுதினால் மாதம் முதலில் வர வேண்டும். "எப்படி இருக்கீங்க" என்று யாராவது கேட்டால் அது கேள்வியே இல்லை, நின்று உடம்புக் கதை சொல்லக் கூடாது. அப்பாவையும் உட்கார வைத்தாள். அவர் குழம்பிப்போய், ஏதோ ஒரு கட்டடத்து லிஃப்டில் அடுத்த சர்வீஸ் ஒன்பதாம் தேதி, பதின்மூன்றாம் மாதம் என்று அட்டை ஒட்டிவிட்டு வந்தார்.

வம்பு வந்தது வீடியோ காலில். என்னோடு விடுதி அறையில் தங்கப்போகும் பெண்ணும் அவளுடைய அம்மாவும் பேசினார்கள். "நீ வந்து இறங்குற அன்னிக்கு நாங்களும் வேன்ல அந்தப் பக்கமாத்தான் வர்றோம். ஏர்போர்ட்லேருந்து உன்னையும் கூட்டிக்கட்டுமா?" என்ற அர்த்தத்தில் அந்த அம்மாள் கேட்டார்.

எங்கள் வீட்டில் முதல் தடவை கேட்டதற்கு யாரும் சரி சொன்னதே கிடையாது. முதல் தடவை "வேணாம்." இரண்டாம் தடவை "உங்களுக்கு எதுக்குச் சிரமம்." மூன்றாம் தடவைதான் "சரி, இவ்வளவு சொல்றீங்க." காபியிலிருந்து கல்யாணம் வரைக்கும் இதே வரிசைதான், அப்பாவும் மூன்று முறை கேட்டுத்தான் அம்மாவைக் கட்டிக்கொண்டார். ஆகவே நான் பதவிசாக "வேண்டாங்க, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு, அடுத்த தடவைக்காகச் சிரித்த முகத்தோடு காத்திருந்தேன்.

"ஓகே!" என்றார் அந்த அம்மாள், ரொம்ப சந்தோஷமாக. பேச்சு ஜன்னல் திரைச்சீலையின் நிறத்துக்குத் தாவிவிட்டது. வேன் போனது போனதுதான்.

கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த அம்மா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது.

"அங்க ஒரு தடவைதான்டி கேப்பாங்க! வேணாம்னா வேணாம்தான். இன்னியிலேருந்து இந்த வீட்டுலயும் அதுதான் சட்டம்."

முதல் பலி அப்பா. "இன்னொரு ஆம்லெட் வைக்கட்டுமா?" என்று அம்மா கேட்க, அவர் தட்டை நீட்டிக்கொண்டே "வேணாம்" என்றார். ஆம்லெட் என் தட்டுக்கு வந்துவிட்டது. அடுத்து, என்னை வாழ்த்த வந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா. காபி வேண்டுமா என்றதற்கு "ஐயோ, இப்பத்தான் குடிச்சேன்" என்றார். "சரி" என்று அம்மா சட்டமாக உட்கார்ந்துகொண்டாள். டாக்டரம்மா அரை மணி நேரம் அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. கிளம்பும்போது மாடிப்படியில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினேன். "வேணாம்மா" என்றார். நானும் சட்டத்தை மதிப்பவள்தான். பாக்கெட்டோடு மேலே வந்துவிட்டேன்.

எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, ஒன்றைத் தவிர. சட்டம் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் அம்மா என்னிடம் கேட்டிருந்தாள்: "நானும் கூட வந்து உன்னை விட்டுட்டு வரட்டுமாடி?" நான் வழக்கப்படி, "வேணாம்மா, நானே போய்க்குவேன்" என்றேன். அது வெறும் முதல் வேணாம். அதற்குள் சட்டம் குறுக்கே விழுந்துவிட்டது. அம்மா அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

எனக்கு அவள் வர வேண்டும். இரண்டு பெரிய பெட்டி, பழகாத ஏர்போர்ட், எண் மட்டும் தெரிந்த ஒரு அறை. பயமாக இருந்தது. ஒன்பது வருடம் முன்னால் ஒரு பயிற்சிக்காக அம்மா வாங்கிய பத்து வருட விசா இன்னும் ஒரு வருடம் செல்லும். லீவுக்கு எழுதிக் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்கப்புறம் ஷிஃப்ட் பட்டியலை ஒட்டிவிட்டால் மாற்ற முடியாது.

ஜாடை காட்டிப் பார்த்தேன். "இந்தப் பெட்டி என்னமா கனக்குது!"

"சக்கரம் இருக்குல்ல."

"தனியாப் போனா பிளேன்ல தூக்கமே வராது."

"பதினாறு மணி நேரம். தானா வந்துரும்."

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பாவுக்கே பொறுக்கவில்லை. "லிஃப்ட் வேணும்னா பட்டனை அமுக்கணும், வாலு. கதவு முன்னாடி நின்னு பெருமூச்சு விட்டா வராது" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரே அறை வாசலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது அணைந்து, காலில் கட்டுப் போட்ட ஒருவரைத் தள்ளுவண்டியில் வெளியே கொண்டுபோனதும் உள்ளே நுழைந்தேன். அம்மா ஈயக் கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லாமலே நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, உடனே கேட்டுவிட்டேன்.

"அம்மா, நீ என்கூட வர்றியா?"

அம்மாவின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அப்புறம் இத்தனை வருடப் பழக்கம் வாயைத் திறந்துவிட்டது. "ஐயோ, நான் எதுக்குடி? வேணாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. எனக்குள் இருந்த குரங்கு சும்மா இருக்குமா?

"சரிம்மா" என்று திரும்பி நடந்தேன். ஒரு அடி. இரண்டு அடி. கதவின் கைப்பிடியில் கை வைத்துவிட்டேன்.

"ஏய்! அவ்வளவுதானா? இன்னொரு தடவை கேளுடி!"

"அங்க ஒரு தடவைதான் கேப்பாங்கன்னு..."

"நீ இன்னும் இங்கதான்டி நிக்கிற!"

அவள் குரல் உடைந்துவிட்டது. அறுபது பேரை அசையாமல் நிற்க வைக்கிற குரல். எனக்கும் கண் கரித்தது.

"என்கூட வர்றியாம்மா?"

"உனக்கு எதுக்குச் சிரமம்" என்று சொல்லிக்கொண்டே கோட்டுப் பையில் கைவிட்டு, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள். லீவுக் கடிதம். பல தடவை பிரித்து மடித்ததில் மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. வாங்கிப் படித்தேன். என்னை மிரட்டி மிரட்டிப் பழகியதில், தேதியை அவளும் அமெரிக்க முறையிலேயே எழுதி வைத்திருந்தாள்.

"அம்மா, இதுல பத்தொன்பதாம் மாசத்துலேருந்து லீவு கேட்டிருக்க."

"திருத்திக்கலாம்" என்றாள் அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நீ முதல்ல மூணாவது தடவை கேளு."