மூன்றாவது மி

ஊரில் பாதிப் பேர் அவளை மனு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெராக்ஸ் கடையின் மூலையில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் விண்ணப்பம் தட்டிக் கொடுப்பது அவள் பிழைப்பு. தெருவிளக்கு எரியவில்லையா, பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் தப்பாக விழுந்துவிட்டதா, அவளிடம் போனால் போதும். வந்தவர் தலையும் வாலும் இல்லாமல் புலம்புவதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அனுப்புநர், பெறுநர், பொருள் என்று நறுக்கென்று நாலு வரியில் இறக்கிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் தன் மகளை மூன்றாம் வகுப்பு பி பிரிவிலிருந்து ஏ பிரிவுக்கு மாற்றச் சொல்லி ஒரு மனு அடிக்க உட்கார்ந்து, காலையிலிருந்து நான்கு தடவை அழித்துவிட்டாள். 'காரணம்' என்ற சொல்லுக்குப் பிறகு கை ஓடவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. எழுதினால் மானம் போகும், அவ்வளவுதான்.

பள்ளி திறந்த இரண்டாம் மாதம் மகள் தலையைச் சாய்க்க ஆரம்பித்தாள். பேச்சுக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வலது காதை முன்னால் நீட்டுவாள். கழுத்துச் சுளுக்கோ என்று மனு அக்கா இரண்டு நாள் தைலம் தேய்த்தாள். மூன்றாம் நாள் மகளே சிரித்துவிட்டாள்.

"சுளுக்கெல்லாம் இல்லம்மா. எங்க மிஸ் இப்படித்தான் கேப்பாங்க. அவங்களுக்கு இடது காது கேக்காது. நீ இந்தப் பக்கம் வந்து சொல்லு."

பிள்ளைகள் பிடித்தவர்களைப் பார்த்து நடப்பது ஊர் உலகத்தில் உள்ளதுதான் என்று அவள் விட்டுவிட்டாள். பிறகு பெற்றோர் கூட்டம் வந்தது. வகுப்புக் கதவில் ஒட்டியிருந்த ஆசிரியை பெயரை இரண்டு தடவை படித்தாள். ஒரே பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று தேற்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். மேசைக்குப் பின்னால் இருந்தவளின் இடது புருவத்தை ஒரு பழைய தழும்பு இரண்டாகப் பிரித்திருந்தது. கூட்டப் பதிவேட்டில் கையெழுத்துக்கூடப் போடாமல் மனு அக்கா வந்த வழியே திரும்பி நடந்தாள். தெருமுனை வந்த பிறகுதான் செருப்பை வகுப்பு வாசலிலேயே விட்டுவிட்டது தெரிந்தது.

முப்பது வருடத்துக்கு முன்னால், வேறொரு ஊரில், அவள் மூன்றாம் வகுப்பு லீடர். டீச்சர் வெளியே போனால் கையில் சாக்குக்கட்டி. கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டு, பேசுகிறவர் பெயரைக் கீழே எழுத வேண்டும். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு 'மி'. மிக அதிகம் என்பதன் சுருக்கம் அது. ஒரு மிக்கு ஓர் அடி கூடும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அன்று என்ன மாயமோ, ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை. பலகை காலியாக இருந்தால், "அப்ப லீடரும் சேர்ந்து பேசியிருக்கா" என்று டீச்சர் லீடரின் காதைத் திருகுவாள். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் கை தானாக ஒரு பெயரை எழுதியது. வகுப்பிலேயே பேசாத, இடது புருவத்தில் தழும்பு உள்ள பெண்ணின் பெயர். ஊமைக்கோட்டான் என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள். எழுதினால் மறுத்துச் சொல்லக்கூட மாட்டாள் என்று எட்டு வயதுப் புத்திக்கு அந்த அவசரத்திலும் கணக்குத் தெரிந்திருக்கிறது, பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு மி போட்டாள். இன்னொன்று போட்டாள். மூன்றாவதும் போட்டாள்.

டீச்சர் பலகையைப் பார்த்துச் சிரித்தாள். "ஊமைக்கோட்டானுக்கே வாய் முளைச்சிடுச்சா?" என்றபடி விட்ட அறை இடது காதோடு சேர்த்து விழுந்தது. அந்தப் பெண் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "நான் பேசவே இல்லையே டீச்சர்" என்றாள். அவள் ஒரு முழு வாக்கியம் பேசி அந்த வகுப்பு கேட்டது அதுதான் முதல் தடவை. காதிலிருந்து வழிந்த ரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது. பத்து நாள் அவள் வரவில்லை. பிறகு குடும்பமே ஊர் மாறிப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அந்தக் குரல் மனு அக்காவை விட்டு முழுதாகப் போனதே இல்லை. இப்போதோ அது வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. மகள் சாப்பிடும்போது தலையைச் சாய்க்கிறாள், தலை பின்னும்போது சாய்க்கிறாள், தூக்கத்தில்கூட இடது காதைத் தலையணையில் புதைத்துக்கொள்கிறாள். அவளைக் கூப்பிடவே மனு அக்காவுக்குப் பயமாக இருந்தது. கூப்பிட்டால் அந்தத் தலை திரும்பும். அதைவிடப் பெரிய பயம், இவள் யார் மகள் என்று அந்த மிஸ்ஸுக்குத் தெரிந்துவிட்டால்? பழி தீர்த்துக்கொள்ள ஓர் அறை போதுமே.

வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தாள். "மூணாங்கிளாஸ் சண்டையை எவ இன்னும் மனசுல வச்சிருக்கப் போறா?" என்று அவர் செய்தித்தாளைத் திருப்பினார். அவர் காதில் யாரும் அறைந்ததில்லை.

கடைசியில் வெயிலைப் பிடித்தாள். ஜன்னல் வழியே கரும்பலகையில் வெயில் விழுந்து கண் கூசுகிறது, மகளுக்குத் தலைவலி வருகிறது என்று மனுவை அடித்து முடித்து, மறுநாள் பதினொரு மணிக்குத் தலைமையாசிரியை அறையில் நீட்டினாள்.

தலைமையாசிரியை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "ரெண்டு கிளாஸுக்கும் ஜன்னல் ஒரே பக்கம்தானேம்மா?"

"ஏ பிரிவுல ஒரு மரம் மறைக்குதுங்க."

"அது சரி. ஆனா டைப் அடிச்சது வேண்டாம். யாரோ மனு அக்காவாமே, இந்த ஊருக்கே அவங்கதான் எழுதித் தராங்க. காய்ச்சல் லீவு லெட்டருக்குக்கூடப் பொருள், பார்வைன்னு போட்டு அனுப்புறாங்க. எனக்குச் சிரிப்பா வருது. பெத்தவங்க சொந்தக் கையால எழுதினாத்தான் நான் வாங்குவேன்."

நான்தான் அது என்று சொல்லவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல், மனு அக்கா பேனாவை வாங்கிக்கொண்டாள். கையால் எழுதி எத்தனையோ வருடமாகிவிட்டது. 'மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது' என்று தொடங்கினாள். சின்ன வயதில் அவள் மி எழுதும் விதமே தனி. எழுத்தின் தலையில் வரும் வளைவை மேலே கொண்டுபோய், உள்பக்கமாக ஒரு சுழி சுழித்து விடுவாள். அந்தச் சுழி தாளில் விழுந்த பிறகுதான் அதைப் பார்த்தாள். அடித்து எழுத வெட்கமாக இருந்தது. எழுதி முடித்துக் கொடுத்துவிட்டாள்.

"கிளாஸ் மிஸ் கையெழுத்து வேணும்" என்று தலைமையாசிரியை ஆள் அனுப்பினார். வேண்டாம் என்று சொல்ல மனு அக்கா வாயெடுப்பதற்குள் மிஸ் உள்ளே வந்தாள். அதே நேரம், மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது என்று ஆயா வந்து கத்த, தலைமையாசிரியை முணுமுணுத்தபடி எழுந்து போனார். அறையில் இருவர் மட்டும்.

மிஸ் நின்றபடியே மனுவைப் படித்தாள். அவள் விரல் முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

"வெயிலா?" என்றாள்.

"ஆமாங்க மிஸ்."

"எனக்கு முதல் வாரமே தெரியும். உங்க பொண்ணு நோட்டுல ஒரு மி எழுதியிருந்தா. நீங்கதானே எழுதப் பழக்கினீங்க?"

மனு அக்கா மனதுக்குள் கணக்குப் போட்டாள். முதல் வாரமே என்றால் மூன்று மாதம். இந்த மூன்று மாதமும் மகள் ஒரு நாள்கூட அழுதுகொண்டு வந்ததில்லை. மிஸ் வலப்பக்கத்தில் முதல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார் என்று பெருமையாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. கேட்கும் காதின் பக்கம்.

"நீங்க அன்னைக்குப் பேசவே இல்ல" என்றாள். குரல் எழும்பவில்லை.

மிஸ் தலையைச் சாய்த்தாள். "கேக்கல. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

மேசையைச் சுற்றி நாலு எட்டுத்தான். முப்பது வருடம் நடக்காத நடை. வலப்பக்கம் போய் நின்று, "நீங்க பேசல. பலகை காலியா இருந்துச்சு, அதனால நான் பொய்யா எழுதினேன். மன்னிச்சிடுங்க" என்று சத்தமாகவே சொன்னாள்.

மிஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பேர் எழுதினது புரியுது. யாராவது ஒருத்தர் வேணும். ஒரு மி போட்டதும் புரியுது. ரெண்டுகூடச் சரி. மூணாவது மி எதுக்கு? அதை மட்டும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தும் எனக்குப் பிடிபடல."

எல்லார் குறைக்கும் வார்த்தை வைத்திருந்தவளிடம் இதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கே ஆசையாக இருந்தது.

"எழுத அழகா இருந்துச்சு" என்றாள்.

வெளியே ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் மிஸ் ஜன்னலிலிருந்து திரும்பினாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

"வேண்டாம் மிஸ்" என்று மனு அக்கா தாளைப் பிடித்துக்கொண்டாள். "மாத்த வேண்டாம். உங்ககிட்டயே படிக்கட்டும். உங்கள மாதிரி யார் பாத்துக்குவாங்க?"

"தங்கமான பொண்ணு. அவ மேல எனக்கு ஒரு குறையும் இல்ல." மிஸ் அவள் விரல்களை மெதுவாக விலக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். "ஆனா அவ நோட்டைத் திருத்த உட்கார்ந்தா, செத்துப்போன காது இரையுது. தினமும் இரையுது. நானே அவளை மாத்தச் சொல்லிக் கேட்டிருப்பேன், என்ன காரணம்னு எழுதுறதுன்னு தெரியல. வெயில்னே இருக்கட்டும்."

மறுநாள் மகள் ஏ பிரிவில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். பையை வழக்கமான ஆணியில் மாட்டவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை.

"ஏம்மா என்னை மிஸ் வேற கிளாஸுக்கு அனுப்பிட்டாங்க?"

வெயில், கண் கூச்சம், தலைவலி, மரம். எல்லாம் மனு அக்காவின் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தன.

மகள் அழவில்லை. பையின் வாரை விரலில் சுற்றினாள்.

"நான் பேசவே இல்லையேம்மா" என்றாள்.

சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்து, வலது காதை நீட்டி, அம்மா அந்தப் பக்கம் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.