கிழக்குச் சுவரில் ஓடும் படம்

மலாயாவில் எட்டாங்கட்டை எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையின் கிழக்குச் சுவரில் 1943 ஜூன் மாதத்திலிருந்து ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கிறது. மெஷினும் கிடையாது, ஃபிலிமும் கிடையாது. வெயிலில் மங்கலாகத் தெரியும். மூடுபனி இறங்கினால் ஆள் முகத்திலிருக்கும் மச்சம் வரை தெரியும். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை, கேமரன் மலைப் பாதையில் லாரி ஓட்டியவர்கள் எல்லோரும் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். எப்படி வந்தது என்பதைத்தான் ஆளாளுக்கு மாற்றிச் சொல்வார்கள், செல்லையாவின் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு.

செல்லையா மருந்து அடிக்கும் வேலைக்காரர். யுத்தத்துக்கு முன் தானா ராத்தா டவுனில் கூடாரம் போட்டுப் படம் காட்டுவார்கள். போகவர முழு நாள் ஆகும், எல்லோராலும் போக முடியாது. அதனால் கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது: முதலில் செல்லையாவை அனுப்புவார்கள், அவர் வந்து சொல்வதை வைத்து மற்றவர்கள் முடிவு செய்வார்கள். சுமாரான படமென்றால் "உக்காந்திருக்கலாம்" என்பார். நல்ல படமென்றால் "போயிட்டு வாங்க" என்பார். ரொம்ப என்ற சொல்லைக் குறை சொல்லத்தான் வைத்திருந்தார். நாரதர் ரொம்பப் பாடுறாரு, ராணி ரொம்ப அழுவுறா, சண்டை ரொம்ப நேரம். மற்றவர்கள் கருவாட்டுக் குழம்பிலிருந்து கங்காணியின் புதுச் செருப்பு வரை எல்லாவற்றையும் ரொம்ப நல்லாருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஒருமுறை பக்கத்து வீட்டு வேலப்பன் கேட்டே விட்டான்.

"ஏண்ணே, ஒரு ரொம்ப போட்டா உங்க வாயி தேஞ்சா போயிரும்?"

"எல்லாத்துக்கும் போட்டுட்டா, நெசமாவே ரொம்ப வர்றப்போ என்னத்தடா போடுவ?"

ஒரே ஒரு படத்துக்கு மட்டும் அவர் "ரொம்ப நல்லாருக்கு" என்று சொன்னார். அன்று முப்பத்தெட்டுப் பேர் கொட்டும் மழையில் டவுனுக்கு நடந்தார்கள், இரண்டு பேர் கைக்குழந்தையோடு. ஒருவரும் ஏமாந்து திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவருடைய அந்தச் சொல்லை லயத்தில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

ஜப்பான்காரன் வந்த பிறகு தேயிலை காடாகிப் போனது, மேட்டு நிலமெல்லாம் மரவள்ளிக்கிழங்கு. அரிசி ஆளுக்கு ஒரு சிரட்டை, வாரத்துக்கு. சயாமில் ரயில் ரோடு போட ஆள் வேண்டுமென்று கேட்டு வந்தவர்களுக்கு ஐந்து பேர்கூடக் கிடைக்கவில்லை. அப்புறம்தான் லாரியில் மெஷினைக் கொண்டுவந்து தொழிற்சாலைச் சுவரில் படம் காட்டினார்கள். சயாம் காடு, புதுச்சட்டை போட்ட கூலிகள், பானை பானையாகச் சோறு, சாயங்காலம் பந்து விளையாட்டு. முடிந்ததும் ஜப்பான் ஆபீசர் எழுந்து தனக்குத் தெரிந்த ஒரே மலாய்ச் சொல்லால் "பாகுஸ்?", நல்லாருக்கா என்று கேட்டார். சனம் செல்லையாவின் முகத்தைப் பார்த்தது. ஆபீசருக்கு அது புரியவில்லை. மொழிபெயர்க்க நின்ற எஸ்டேட் கணக்கர் சூசைமுத்து கிராணிதான் விளக்கினார்: இந்த ஆள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் துவான், மற்றவர்கள் கிளம்பிவிடுவார்கள். கிராணி இதற்காகச் சாகும்வரை மாதா கோயிலில் கடைசி வரிசையில்தான் முழங்காலிட்டார்.

மறுநாள் மத்தியானம் செல்லையாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அப்போது அவருடைய மகள் ஜெயாவுக்குப் பதினோராவது நாள் காய்ச்சல். மேசைமேல் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை ஒரு டப்பா இருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. படத்தைப் பற்றித்தான் பேசினார்கள். செல்லையாவுக்குத் தெரியும்: அந்தச் சோற்றுப் பானை மூன்று பானையல்ல, ஒரே பானையை மூன்று பக்கத்திலிருந்து எடுத்திருந்தார்கள். சட்டைகளில் மடிப்பு கலையவில்லை. பந்து விளையாடியவர்களின் காலில் ஒரு பொட்டு மண்ணில்லை.

டப்பாவோடு அவர் வெளியே வந்தபோது வேலப்பனும் இன்னும் இருபது இருபத்தைந்து பேரும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் காத்திருந்தார்கள்.

"என்னண்ணே, எப்படி?" என்றான் வேலப்பன்.

"ரொம்ப நல்லாருக்கு" என்றார் செல்லையா.

சனிக்கிழமை வேலப்பனையும் சேர்த்து இருபத்துமூன்று பேர் லாரி ஏறினார்கள். ஜெயாவுக்குப் புதன்கிழமையே காய்ச்சல் விட்டுவிட்டது.

மெஷின் போன பிறகும் படம் சுவரில் ஓடிக்கொண்டிருப்பதை முதலில் பார்த்தது ஆடு மேய்த்தவர்கள். பதினெட்டாம் நாள் அதில் வேலப்பன் வந்தான். அவன் பெண்டாட்டி சாரதா கிழங்குக் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். அன்றிலிருந்து வேலை விட்டதும் பெண்கள் சுவருக்கு எதிரே உட்கார ஆரம்பித்தார்கள். படம் பார்த்தால் பேசாமல் இருக்க முடியுமா? "எங்க வூட்டுக்காரர் ரொம்ப ஸ்டைலா நிக்கிறாருலா" என்றாள் ஒருத்தி. அது முதல் வாரம். இரண்டாம் மாதம் கஞ்சி ரொம்பத் தண்ணி, மழை ரொம்ப என்றார்கள். நான்காம் மாதம் ரொம்ப எளச்சிட்டான், காலு ரொம்ப வீங்கிப் போச்சு. ஒரு மாலைக்கு அறுபது எழுபது "ரொம்ப" விழும். ஜப்பான்காரர்கள் சுவருக்குத் தார் பூசிப் பார்த்தார்கள். படம் தாரிலும் ஓடியது, கொஞ்சம் கறுப்பாக.

செல்லையாவும் தினம் வந்தார். ஆனால் சுவருக்கு முதுகைக் காட்டி, பெண்களைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். அவர்கள் முகத்தில்தான் அவர் படம் பார்த்தார். தாடி வளர்ந்தது. வீட்டில் அவர் மனைவி மணியம்மா கிழங்கை வேகவைத்து முன்னால் வைத்தால், தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மகள் பக்கம் தள்ளுவார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. கடைசியில் சாரதா கேட்டாள்.

"திரும்பிப் பாருங்கண்ணே. நீங்க சொன்ன படம்தானே?"

திரும்பினார். பனி இறங்கியிருந்தது. வேலப்பன் ஒரு மரக்கட்டையின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு போனான், எலும்பும் தோலுமாக. செல்லையா பார்த்தபடியே, பானை மூன்று தடவை வந்ததையும் சட்டை மடிப்பையும் மருந்து டப்பாவையும் சொல்லி முடித்தார். மணியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஜெயா எழுந்து வீட்டுக்கு ஓடினாள்.

"தெரிஞ்சுதான் சொன்னீங்களா?" என்றாள் சாரதா.

"தெரிஞ்சுதாம்மா."

"ஒங்க புள்ள பொழச்சிக்கிட்டா. நான் அதுக்கு வயித்தெரிச்சல் படல." சுவரைக் காட்டினாள். "ஆனா இனிமே முதுகு காட்டாதீங்க. நாங்க கெழங்குக்காட்டுக்குப் போயிட்டா இங்க யாரு பாக்குறது? நீங்க உக்காந்து பாருங்க. சாயங்காலம் வந்து கேப்போம், சொல்லணும். ஒண்ணும் கூட்டாம, கொறைக்காம."

அப்படியே நடந்தது. அவருடைய பங்கு வேலையை மற்றவர்கள் செய்தார்கள், அவர் காலையிலிருந்து சுவரைப் பார்த்தார். பெரட்டுக்களத்தில் நின்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்வார். முனியாண்டி எழுந்தான். கஞ்சி குடித்தான். மண் வெட்டினான். நல்லது கெட்டது என்று ஒரு சொல் சேர்க்கவில்லை. அவர் இப்படிப் படம் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை, ஆனாலும் கேட்டார்கள். ஒன்பது பேர் எழுந்திருக்காததை அவர் ஒன்பது வீட்டுக்கும் சொன்னார். ஒரு வீட்டில் விளக்குமாற்றால் அடித்தார்கள். அடுத்த நாளும் அதே நேரத்துக்கு வந்து நின்றார்.

1944 தை மாதம் ஒரு சாயங்காலம் அவர் களத்தில் நிற்காமல் கிழங்குக்காட்டுக்கே ஏறிப் போனார். சாரதா மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. காலையிலேர்ந்து வேற எங்கயும் பாக்கல."

"பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா?"

"முனியாண்டி தண்ணி குடுத்தான். அப்புறம் அவனையும் வேலைக்கு வெரட்டிட்டாங்க."

அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாராண்ணே?"

இல்லையென்று சொல்லியிருக்கலாம். காடு முழுக்க அதைத்தான் எதிர்பார்த்தது.

"ரொம்பம்மா" என்றார்.

அவள் அங்கேயே உட்கார்ந்தாள். அவரும் நாலு வரிசை தள்ளி உட்கார்ந்தார். இருட்டுமுன் மற்றவர்கள் வந்து சாரதாவைக் கூட்டிப் போனார்கள். அவரை யாரும் கூப்பிடவில்லை.

யுத்தம் முடிந்து நாலு பேர் திரும்பி வந்தார்கள், முனியாண்டியும் ஒருவன். அவர்கள் சொன்னதும் செல்லையா சொன்னதும் நாள் தவறாமல் ஒத்துப்போயின. பழைய வெள்ளைக்காரத் துரையும் திரும்பி வந்தார், கிழக்குச் சுவரைப் பத்து நிமிஷம் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், காடாகிக் கிடக்கும் தேயிலையை எப்போது வெட்டிச் சீராக்கலாம் என்று கேட்டார். அடுத்த மாதம் தொழிற்சாலைக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் மூன்று சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு கரைத்தார்கள்.