கதவு திறந்திருந்தபோது கேட்டது

1

கோவளத்தில் ஒரு மீன் குளிர்கிடங்கைப் பார்க்கப் போயிருந்தேன். விளையாட்டுக்கு யாரோ என் பின்னால் கதவைச் சாத்தினார்கள். உடனே திறந்துவிட்டார்கள். அதற்குள் இந்தக் கதை வந்துவிட்டது.

2

கடல் அன்று காலை

(வேண்டாம். இதில் கடலுக்கு வேலை இல்லை.)

2003. செங்கல்பட்டுக்காரர் தேசிகன். கட்டடத்துக்குள் கார்ட்லெஸ் போன் எல்லா மூலையிலும் எடுக்கும்படி அலை அனுப்பும் பேஸ் ஸ்டேஷன் பெட்டிகளை எங்கே மாட்டுவது என்று திட்டமிடுவது அவர் வேலை. இந்தக் கிடங்கில் உள்கைப்பிடி அடிக்கடி பனியில் இறுகிவிடும். மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடத்தான் போன்.

கிடங்குக் கதவுக்கு வெளியே ஏணியில் ஒரு பெட்டியைச் சோதனைக்குக் கட்டிவிட்டுத் தேசிகன் அங்கேயே நின்றார். எலெக்ட்ரீஷியன் காசிநாதன் போனோடு உள்ளே போய்ப் பேசிக்கொண்டே நடந்தான். எல்லா இடத்திலிருந்தும் குரல் தெளிவாக வந்தது.

"கதவ சாத்திட்டுப் பாக்கணுமா சார்? இப்பவே எறா மாதிரி வெறச்சிகினு கீறேன்."

அவன் மேல் ஒரு சட்டைதான். வேண்டாம், வந்துவிடு என்றார் தேசிகன். உள்ளே தனிப் பெட்டி தேவையில்லை என்று முடிவாயிற்று.

(அவரை அலட்சியக்காரராக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவருக்கு இரக்கம் வந்தது, அவ்வளவுதான். காசிநாதனுக்கு நான் ஒரு ஸ்வெட்டர் எழுதியிருக்கலாம்.)

3

மழைக்காலம் முடிந்த ஒரு மாலை. தேசிகன் வீட்டுக்குக் காசிநாதன் போன் செய்தான். எறால் பெட்டி அடுக்கும் ரெபேக்காளை மத்தியானத்திலிருந்து காணோமாம். அவள் போனுக்கு அடித்தால் போகவில்லையாம். மற்ற போன்களெல்லாம் பேசுகின்றன, அவளுடையது மட்டும் கெட்டுவிட்டதா என்று கேட்டான்.

"கடைசியா எங்க பாத்தே?"

"குளுரு ரூமுக்குள்ள போச்சு. அப்பாலே பஸ்ஸுக்குக் கெளம்பிட்ச்சுன்னு நெனச்சோம்."

"கதவு?"

"சாத்திதான் கீது. சாத்தாம இன்னா சார், குளுரு போய்டும்ல."

தேசிகன் எழுந்துவிட்டார். கதவும் சுவரும் இரும்புத் தகடு அடித்தவை; சாத்தினால் உள்ளே போன் எடுக்காது.

"போனோட ஓடு. கதவைத் தொற."

4

உள்ளே ரெபேக்காள் முதலில் போனை

(முடிக்க முடியவில்லை. தேசிகன் கூடவே நடந்த கதை இது. அந்தத் தகட்டைத் தாண்டி அவருடைய அலையும் போகவில்லை, நானும் போகவில்லை.)

ஒரு முடிவில் அவள் வெளியே வந்து எல்லோரையும் திட்டுகிறாள். எழுதினேன். திட்டு நன்றாக வந்தது. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இன்னொரு முடிவை எழுதவில்லை.

காசிநாதன் ஓடுகிறான். அவன் கையில் இருப்பதும் தேசிகன் திட்டமிட்ட போன்தான். தாழ்ப்பாள் இழுபடுகிறது. திறந்த கதவுக்குள் நன்றாகவே கேட்கும், அளந்து பார்த்தது. செங்கல்பட்டில் தேசிகன் ரிசீவரைக் காதோடு அழுத்துகிறார்.

அடுத்து வருவது ரெபேக்காள் குரலா, காசிநாதன் குரலா? நான் இங்கே வைத்துவிடுகிறேன். லைனில் நீங்கள் இருக்கிறீர்கள்.