நூல் மேஸ்திரியின் குறுக்குக் கல்

நூல் மேஸ்திரிக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட மேசை விளிம்புக்கு நேராக நகர்த்திவிட்டுத்தான் உட்காருவார். அவரும் மனைவியும் அரசு அலுவலகத்தின் முற்றம் முழுக்கக் கல் பதித்து முடித்திருந்தார்கள். கோடு போட்ட சதுரக் கற்கள். இன்று இன்ஜினியர் மேடம் வந்து பார்ப்பார். பிடித்திருந்தால் வளாகப் பராமரிப்பும் அவர்களுக்கே. கல் வேலை என்றால் ஊர் ஊராக அலைய வேண்டும். பராமரிப்பு கிடைத்தால் ஒரே இடத்தில் காலூன்றலாம்.

காலையில் கடைசியாகப் பெருக்கும்போது, கொடிக்கம்பத்தின் நிழலில் ஒரு கல்லின் கோடுகள் மட்டும் குறுக்கே ஓடுவதைக் கண்டார் மேஸ்திரி. கண்ணில் விழுந்த தூசி போல உறுத்தியது. பெயர்த்தார், அடியில் மணல் மட்டுமே தெரிந்தது; திருப்பி வைத்தார், இடுக்கில் மணலைத் தள்ளினார். இனி பெற்ற தாய்க்கே அந்தக் கல்லை அடையாளம் தெரியாது.

பிற்பகலில் புல்வெளிக் குழாய் வெடித்தது.

"மாப்ள, வால்வை மூடுங்க!" என்று ஓடி வந்தார் தோட்டக்காரர். மேஸ்திரி மனைவியின் அண்ணன்.

"இரும்பு மூடி வெளிய தெரியக் கூடாதுன்னு மேடம் சொன்னாங்கல்ல மச்சான். கல்லுக்கு அடியில இருக்கு."

"எந்தக் கல்லுக்கு?"

மேஸ்திரி மனைவியைப் பார்த்தார்.

"ஒரு கல்ல குறுக்க திருப்பி வச்சேனே, அதாங்க அடையாளம். அன்னிக்கே சொன்னேன். நீங்க நூலைப் பிடிச்சுக்கிட்டே 'ம்'னு சொன்னீங்க."

மேஸ்திரியின் முகம் சிமெண்ட் நிறமானது. "அதை நான் நேராக்கிட்டேன்."

"எங்க இருந்துச்சு?"

"கொடிக்கம்பத்து நிழல்ல."

"நிழல் இப்ப சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் போயிடுச்சு மாப்ள. கூப்பிட்டுக் கேளுங்க!"

தண்ணீர் வாசற்படியை நோக்கி ஓடியது. மேஸ்திரி கடப்பாரையை எடுத்தார். முதல் கல் அசையவே இல்லை.

"எவ்வளவு இறுக்கமாப் பதிச்சிருக்கான் பாவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

முற்றம் பல் விழுந்த வாயாகிக்கொண்டிருந்தபோது இன்ஜினியர் மேடம் செருப்பைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். அந்த நேரத்தில்தான் ஒரு கல்லுக்கு அடியில், மணலை விலக்கியதும் மூடி தென்பட்டது. மேஸ்திரி வால்வைத் திருகினார், தண்ணீர் நின்றது.

"பதிச்சதையெல்லாம் ஏன் தோண்டுறீங்க?"

"பராமரிப்பு மேடம்," என்றார் தோட்டக்காரர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மனைவி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். மேடம் குழிகளைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார்.

"மூடியை மறைக்கச் சொன்னது நான்தான். இனி வேற ஆளை விட்டா, வால்வைத் தேடுறேன்னு முற்றத்தையே உழுதுடுவான். பராமரிப்பை நீங்களே பாத்துக்குங்க. ஆனா நான் கிளம்புறதுக்குள்ள அந்த அடையாளம் இருக்கணும்."

மேஸ்திரி கல்லை எடுத்து மூடிமேல் வைத்தார். கைப்பழக்கம், அது நேராகவே உட்கார்ந்தது.

"ஏங்க!" என்றாள் மனைவி.

மேஸ்திரி கண்களை இறுக மூடிக்கொண்டு கல்லைத் திருப்பினார்.